பீலித் தண்ணீர் போன வழி

நடந்தது இது:

1. ஒரு திங்கட்கிழமை. நிவித்திகலவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஊற்றுக்கரையில் மண்டிய மூன்று வகைக் களைகளை அகற்றச் சொல்லிப் படங்களோடு ஒரு பட்டியல் கொடுத்தேன்.
2. செவ்வாய், புதன். தோட்டத்தின் புல்லுவெட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேர் வேலையை முடித்தார்கள்.
3. வியாழன் காலை. போய்ப் பார்த்தேன். "நல்லா இருக்கு" என்றேன்.
4. வெள்ளி பிற்பகல். மழை. கரை சரிந்தது.
5. சனிக்கிழமை பீலியில் செம்மண் தண்ணீர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதுவும் நின்றது.
6. திங்கள். ஊற்று அழிந்துவிட்டது என்று உறுதிசெய்யும் படிவம் என் மேசைக்கு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும்.
7. செவ்வாய். ஏழாம் நம்பர் தேயிலை மலையின் ஓரத்தில் உட்கார்ந்து நான்கு வகைத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் குடித்தோம்.

முதல் ஆறும் அலுவலகக் கோவையில் விவரமாக இருக்கின்றன. ஏழாவது அரை வரியில் இருக்கிறது. அடுத்த மாதம் நான் கேகாலைக்கு மாற்றலாகிப் போகிறேன். இரத்தினபுரிச் சுற்றாடல் அலுவலகத்தில் என் இடத்துக்கு வரும் நீங்கள் மூவரும் என் கோவைகளைத் திறந்து பார்ப்பீர்கள். களை, தண்ணீர், குப்பை, நாட்டுச்செடி என்று நான்கு நிறக் கோவைகள். நான்கும் வேறு வேறு வேலை என்று முதல் ஆண்டில் நானும் நினைத்தேன். ஆறு ஆண்டில் நடந்த எல்லாவற்றையும் எழுத நேரமில்லை. இது ஒன்றை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் தவறு என்னுடையது, தவறென்று கோவையில் எங்கும் எழுதப்படவுமில்லை.

பீலி என்றால் உங்களில் நகரத்தில் வளர்ந்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம். மலைக்குள்ளிருந்து வரும் ஊற்றுநீரை ஒரு குழாயிலோ மூங்கிலிலோ வாங்கி, ஆள் நின்று பிடிக்கிற உயரத்தில் விழவிடுவது. இந்தத் தோட்டத்தில் தேயிலைக்கு மேலே ஒரு கீற்றுக் காடு இருக்கிறது. ஊற்று அங்கே பிறக்கிறது. அதன் பீலியில்தான் பணிய லயத்தின், அதாவது கீழே உள்ள தொழிலாளர் குடியிருப்பு வரிசையின், இருபத்திரண்டு வீடுகளும் குடித்தன, சமைத்தன, குளித்தன.

அந்த ஊற்றுக்கரையைக் களை மூடிக்கொண்டு வந்தது. மஞ்சள் பூப் பூக்கிற படர்கொடி ஒன்று. மரத்தில் ஏறி மூச்சடைக்கிற கொடி ஒன்று. மூன்றாவது, சிங்களத்தில் கட்டகளு போவிட்டியா என்று சொல்லும் புதர். அதன் பழத்தைத் தின்றால் வாய் கறுத்துப்போகும். மூன்றும் வெளியிலிருந்து வந்தவை. மூன்றையும் படம் பிடித்து, பெயர் போட்டு, 'அகற்ற வேண்டியவை' என்று தலைப்பிட்டுக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர்தான் அந்தப் பிரிவில் வேலையை மேற்பார்க்கிறவர். "ரெண்டு நாள்ல முடிச்சுத் தர்றேங்க மிஸ்" என்றார். நிவித்திகலவில் ஒரு குப்பைமேட்டுத் தகராறு காத்திருந்ததால் நான் இறங்கிப் போய்விட்டேன்.

புல்லுவெட்டு என்பது தோட்டத்தில் என்ன என்பதை நான் யோசிக்கவில்லை. பலாங்கொடைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள் நான். என் அம்மா சுரண்டி பிடித்தவர். யோசித்திருக்க வேண்டும். தேயிலைக்கு நடுவே சுரண்டியால் இழுத்துக்கொண்டே போகும்போது பின்னால் வெறும் மண் தெரிய வேண்டும். மண் தெரிந்தால் நல்ல வேலை. ஒரு புல் நின்றால் காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்க வேண்டும். வேலையின் மானம் வெறும் மண்ணில் இருக்கிறது. அந்த மானத்தோடு வளர்ந்த பன்னிரண்டு கைகெட்டிக்காரிகளிடம், அவர்களே குடிக்கிற தண்ணீரின் கரையைக் கொடுத்திருக்கிறேன்.

வியாழன் காலை நான் ஏறிப் போனபோது எல்லோரும் அங்கே நின்றார்கள். கரையில் ஒரு பச்சை இல்லை. களை மூன்றும் போயிருந்தன. அவற்றோடு பன்னம் என்கிற பெரணி, காட்டுச்சேம்பு, கோரை எல்லாம் போயிருந்தன. கல்லில் படிந்த பாசியைத் தேங்காய்த்தும்பால் தேய்த்து எடுத்திருந்தார்கள். கரையைப் பெருக்கியும் இருந்தார்கள். விளக்குமாற்றின் வரிகள் மண்ணில் பிறைபிறையாகத் தெரிந்தன.

கேங்கில் வாய்க்காரி செல்வி. என் வயதுதான் இருக்கும். சுரண்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"ஒரு புல்லு காட்டுங்க மிஸ் பாப்போம். காட்டிட்டீங்கன்னா இந்தச் சுரண்டிய இன்னையோட கீழ போட்டுர்றேன்."

"பெரிய தொரை வந்தாலும் குத்தம் சொல்ல ஏலாது" என்றார் மரியக்கா. கேங்கில் மூத்தவர். "வேலை முடிஞ்ச பொறகும் ஒரு மணி நேரம் நின்னு செஞ்சோம். நம்ம குடிக்கிற தண்ணியாச்சே."

நான் கரையைப் பார்த்தேன். அந்தச் சரிவை வேர்கள் பிடித்து வைத்திருந்தன என்பது எனக்குத் தெரியும். படித்துத் தெரிந்தது, பரீட்சையில் எழுதியது. என் பட்டியலில் ஒரு பக்கம் மட்டும் இருந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. எதை எடுக்க வேண்டும் என்று எழுதினேன். எது இருக்க வேண்டும் என்று எழுதவில்லை.

அவர்கள் முகத்தைப் பார்த்தேன். "நல்லா இருக்கு" என்றேன். ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.

பட்டியலை அரைகுறையாக எழுதியது முதல் தவறு. அதை மன்னிக்கலாம்; நீங்களும் எழுதுவீர்கள். இந்த இரண்டு சொல்தான் பெரிய தவறு. இரண்டு வாரத்தில் திரும்பி வந்து நாட்டுச்செடி நடலாம், அதுவரை கரை தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன். மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. நாலரைக்குக் கரை இடிந்து ஊற்றின் வாயில் விழுந்தது.

திங்கள் காலை என் மேலதிகாரி படிவத்தோடு வந்தார். நல்ல மனிதர். பெண்கள் எல்லோரையும் நங்கி, அதாவது தங்கை, என்றே கூப்பிடுவார்.

"நங்கி, இதுல ஒரு கையெழுத்து. ஊத்து இல்லைன்னு எழுதினா கீழ ஓடையில பம்பு வைக்கிற திட்டத்துல இந்த லயத்தையும் சேத்துடலாம். வெள்ளியோட பட்டியல் மூடுறாங்க. அதுக்குப் பொறகு எப்ப திறக்கும்னு யாருக்கும் தெரியாது."

அவர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். சொன்னதில் பிழையில்லை. கையெழுத்திட்டால் பம்பு வரும். ஆனால் அந்த ஓடை மூன்று லயங்களின் கழிவு கலந்து வருகிற ஓடை. ஊற்றும் பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். பதிவேட்டில் இல்லாத ஊற்றுக்கு மேலே உள்ள காட்டைக் காப்பாற்ற எங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது. கையெழுத்திடாமல் விட்டு, ஊற்றும் கிடைக்காமல் போனால் அந்த இருபத்திரண்டு வீட்டுக்கும் இரண்டும் இல்லை.

படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு செவ்வாய் காலை முதல் பஸ்ஸில் போனேன்.

பீலியில் காலிக் குடங்கள் வரிசையில் இருந்தன. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. மற்ற நாளில் ஓடை. மரியக்காவின் மருமகளுக்கு ஏழு மாதம். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். லயத்து வாசலில் ஒருவர், யாரென்று பார்க்கவில்லை, உரக்கச் சொன்னார்:

"வாங்க, வாங்க. சுரண்டி புடிச்சவளுகளப் பாராட்ட வந்தீங்களா? தண்ணியையும் சேத்துச் சொரண்டிட்டாளுக."

கேங் பெண்கள் காலிக் குடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். செல்விகூட. மூன்று நாளாக அவர்கள் அந்தப் பேச்சை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. என் படிவத்தில் 'கரை சரிவு, கடும் மழை' என்று காரணம் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. அங்கே என் பெயருக்கு இடமில்லை. லயத்தில் அவர்கள் பெயருக்கு இடம் இருந்தது.

பீலிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "இவங்க மேல தப்பில்ல. என்னா இருக்கணும்னு நான் எழுதிக் குடுக்கல. வியாழக்கிழமை பாத்தப்பவே கரை நிக்காதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

 செல்வி கேட்டாள்.

"தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வாயில என்னா, கொழுக்கட்டையா? மூணாம் நம்பர்ல போன மாசம் கவ்வாத்து வெட்டுன மாறு மலையா கெடக்குது. பன்னெண்டு பேரு இருக்கோம். சொல்லியிருந்தீங்கன்னா ஒரு மணி நேரத்துல கரையை மூடியிருப்போம். மழை என்னா, இடி விழுந்தாலும் நின்னிருக்கும்."

இதை நீங்கள் இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளைகளை, அந்த மாறை, மண்மேல் பரப்பி மழையிலிருந்து காப்பது அவர்களுக்குத் தினவேலை. பரிகாரம் கூப்பிடு தூரத்தில் கிடந்தது. செய்யத் தெரிந்தவர்கள் என் முன்னால் நின்றார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாது என்று நான் பேசாமல் இருந்தேன். அந்த மரியாதைக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

மரியக்கா செல்வியின் தோளைத் தட்டினார். "போதும் விடுடி. நோனாவுக்கு அழுகை வந்துரும்." நோனா என்றால் சிங்களத்தில் சீமாட்டி.

"வரட்டும். அந்தத் தண்ணியாவது பிடிச்சுக்குவோம்" என்றாள் செல்வி. நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு என்னால் வேறு ஒன்றை யோசிக்க முடிந்தது. கரை சரிந்தால் ஊற்றின் வாய் அடைபடும். உள்ளே இருக்கும் தண்ணீர் செத்துப்போகாது. மலைக்குள் ஒவ்வொரு நாளும் அதே அளவு தண்ணீர் ஊறி வந்துகொண்டே இருக்கும். அது இப்போது எங்கே போகிறது? மூன்று நாளாக எல்லோரும் வராத தண்ணீரைப் பேசினோம். போகிற தண்ணீரை யாரும் தேடவில்லை. இதை வாய்விட்டுக் கேட்டேன்.

"ஏழாம் நம்பர் மலையில கானு ஓடுதுங்க" என்றாள் செல்வி. கானு என்பது தேயிலை வரிசைக்கு இடையே மழைநீர் போக வெட்டுகிற வடிகால். "வெள்ளிக்கிழமைக்குப் பொறகு மழையே இல்ல. மத்த கானெல்லாம் காஞ்சு கெடக்கு. அது மட்டும் ஓடுது."

"எப்பலருந்து?"

"ஞாயித்துக்கெழமையிலருந்து."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"யாரு கேட்டா?"

நாங்கள் மூவரும், அதாவது செல்வியும் மரியக்காவும் நானும், அந்தக் கானைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். அட்டை கடித்தது. ஏழாம் நம்பர் மலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், பழைய ஊற்றிலிருந்து எழுபது காலடி தள்ளி, கெக்கில்லப் பன்னம் அடர்ந்து நின்றது. இந்த மலையின் சொந்தச் செடி, வேர்கள் பாய் போலப் பின்னியிருக்கும். அதன் காலடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கலங்கல் இல்லை.

"இந்த எடத்துல நாங்க சொரண்டல" என்றார் மரியக்கா, யாரோ கேட்டதுபோல. "எல்லைக்கு அங்கிட்டு."

கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் மழைநீர் சில நாள் மண்ணில் தங்கிக் கசிவதும் உண்டு. அப்படியென்றால் பத்து நாளில் இது வற்றிப்போகும். அதை நம்பிப் பம்பையும் இழந்திருப்போம். இது அதே தண்ணீரா? கரைந்த உப்பை அளக்கும் சிறிய கருவி என் பையில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பீலித் தண்ணீர் இல்லை. நான் எடுத்து வைக்கவில்லை. அதையும் உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு கரையில் கை வைக்கும் முன் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து வையுங்கள்.

"எங்கிட்ட இருக்குங்க" என்றார் மரியக்கா. "மருமகப் புள்ளைக்குன்னு வியாழக்கிழமை ரெண்டு போத்தல் புடிச்சு வச்சேன். ஒண்ணு மிச்சம் இருக்கு."

வீட்டுக்குப் போய் அதைக் கொண்டுவந்தார். கூடவே ஒரு கேத்தல், தேயிலைத்தூள், நான்கு கோப்பைகள், பவுசர் தண்ணீர், ஓடைத் தண்ணீர்.

"இதெல்லாம் எதுக்கு அக்கா?"

"தேத்தண்ணி போட்டுப் பாத்தா தெரிஞ்சிரும்ங்க. ஸ்டோர்ல அப்பிடித்தானே பாப்பாங்க."

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே ஒரே தண்ணீரில் வேறு வேறு தூளை ஊற வைத்துப் பார்ப்பார்கள். மரியக்கா ஒரே தூளை வேறு வேறு தண்ணீரில் ஊற வைத்தார். மூன்று கல் கூட்டி நெருப்பு மூட்டினோம். ஒவ்வொன்றையும் தனியே கொதிக்கவிட்டு, ஒரே கரண்டி அளவு தூள், ஒரே நேரம். பல்கலைக்கழகத்தில் இதற்கு நீளமான பெயர் இருக்கிறது. அதைவிட ஒழுங்காக அவர் செய்தார்.

ஓடைத் தண்ணீரில் சாயம் கறுத்து, மேலே ஒரு மெல்லிய ஆடை படிந்தது. பவுசர் தண்ணீர் சிவந்தது, ஆனால் வாயில் வைத்ததும் செல்வி, "ஆஸ்பத்திரிக் கட்டிலை நக்குன மாதிரி இருக்கு" என்றாள். எஞ்சிய இரண்டு கோப்பைகளையும் மரியக்கா வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். தெளிந்த சிவப்பு. ஓரத்தில் ஒரே மாதிரி மஞ்சள் வளையம். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, கோப்பைகளை மாற்றி வைத்து, குடித்து எது பழைய பீலித் தண்ணீர், எது பன்னத்தடித் தண்ணீர் என்று சொல்லச் சொன்னார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. செல்வியாலும் முடியவில்லை.

"ரெண்டும் ஒரே வயித்துப் புள்ளைங்க" என்றாள்.

பிறகு கருவியைப் போத்தலிலும் பன்னத்தடித் தண்ணீரிலும் வைத்தேன். இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்று. ஓடை எண் மிகவும் தள்ளி நின்றது.

"மெசினும் அதையேதான் சொல்லுது."

"அப்ப அதுக்கும் நாக்கு இருக்கு" என்றாள் செல்வி.

இது நிரூபணம் அல்ல. எனக்கு அது தெரியும், நீங்களும் அப்படி ஏமாறக் கூடாது. புதன்கிழமை கணக்கப்பிள்ளை நான்கு ஆட்களைத் தந்தார். சரிந்த மண்ணில் ஒரு கை அகலம் மெதுவாகத் தோண்டினோம். பீலியில் நூல்போலத் தண்ணீர் வந்தது. அதே நேரம் பன்னத்தடியில் நின்றிருந்த செல்வி மேலேயிருந்து கத்தினாள்: "கொறையுது! இங்க கொறையுது!" அப்போதுதான் உறுதியானது. மேலும் தோண்டினால் கரை மறுபடி விழும் என்று தெரிந்ததால் உடனே நிறுத்தி, தோண்டிய வாயைக் கல் வைத்து அடைத்தோம். தண்ணீர் தானே கண்டுபிடித்த வழியில் போகட்டும்; நாங்கள் அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தோம்.

இந்த முறை பட்டியலை நானாக எழுதவில்லை. அவர்கள் சொல்ல நான் எழுதினேன். தலைப்பு, 'இருக்க வேண்டியவை'. கெக்கில்லப் பன்னம். காட்டுச்சேம்பு. கல்லுப்பாசி. மஞ்சள்காமாலைக்கு அவித்துக் குடிக்கிற நாட்டுப் போவிட்டியா. இதற்கும் வாய் கறுக்கிற புதருக்கும் உருவம் கிட்டத்தட்ட ஒன்று. எனக்குப் பூ இல்லாமல் பிரிக்க வராது. அவர்கள் இலையைத் தடவியே பிரித்தார்கள்.

"அப்ப அன்னைக்கு ஏன் ரெண்டையும் எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"எடுக்க வேணாம்னு நீங்க சொல்லலியே" என்றார் மரியக்கா. "வெட்டச் சொன்னா வெட்டுறதுதான் எங்க வேலை. எது நிக்கணும்னு எங்ககிட்ட யாரு கேட்டுருக்காங்க?"

பட்டியல் இரண்டு பக்கம் வந்தது. சில செடிகளுக்கு என்னிடம் விஞ்ஞானப் பெயர் இன்னும் இல்லை.

வெள்ளிக்கிழமை கையெழுத்திடாத படிவத்தை மேலதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தேன். கருவியின் எண்களையும் புதன்கிழமை கண்டதையும் ஒரு தாளில் எழுதியிருந்தேன். கடைசி அரை வரியில் தேத்தண்ணி. அவர் அதை வாசித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நங்கி, தேத்தண்ணியை நான் மேல எப்படி அனுப்புறது?"

"அதை வெட்டிடுங்க சேர். மத்தது போதும்."

அவர் பேனாவை எடுத்தார். வெட்டவில்லை. "பம்பு போயிடும். அந்த வீட்டுக்காரங்க நாளைக்கு வந்து கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். சொல்கிறேன் என்றேன். லயத்துக்குப் போய், படிவத்தைத் திருப்பியதையும் பம்பு வராது என்பதையும் அன்று மாலையே சொன்னேன். இருபத்திரண்டு வீட்டில் மூன்று வீட்டுக்காரர்கள் என்னோடு இன்னும் பேசுவதில்லை. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இப்போதைய நிலை. பன்னத்தடியில் சிறிய தொட்டி கட்டி, அங்கிருந்து பழைய பீலிக்குக் குழாய் இழுத்திருக்கிறோம். காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் திறக்கிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் போதுகிறது. துவைக்கவும் குளிக்கவும் ஓடைக்கே போகிறார்கள். தண்ணீர்ப் பரிசோதனை இரண்டு முறை சரியாக வந்தது. ஏழாம் நம்பர் மலையின் மேல் ஐந்து வரிசையில் களைமருந்து அடிப்பதில்லை என்று தோட்டம் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறது, எழுத்தில் இல்லை. சரிந்த கரையில் நட்ட சேம்பு பிடித்தது, பன்னம் பிடிக்கவில்லை, வாய் கறுக்கிற புதர் மறுபடி முளைத்திருக்கிறது. மரியக்காவின் பேத்திக்கு ஐந்து மாதம். ஊற்று பதிவேட்டில் இருக்கிறது. பம்புத் திட்டத்தில் அந்த லயம் இல்லை. புதிய வாய் திறந்து இன்னும் ஒரு தை, மாசி வரவில்லை. வறட்சியில் அது ஓடுமா என்று எனக்குத் தெரியாது.